ஓதம் எழுதிய ஏடுகள்

ஆனேக்கல் ரோடு ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காகக் காத்து நிற்போருள் நம்மவர் பலர். அலுவலகம், ஆலை, கல்லூரி எனப் பெங்களூரு நோக்கிச் செல்லும் அக்கூட்டத்தில் யானும் ஒருவன். நம் நாட்டு ரயில் நிலையங்களின் மஞ்சள் நிறப் பலகைகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் குறிப்பிடும் வழக்கம் உண்டு. நம் ஆனேக்கல் வட்டாரத்தின் உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். ஒரு நாள் வண்டி நெடுநேரம் வரவில்லை. உடன் நின்ற என் மகள், "அப்பா, எந்தக் கடலிலிருந்து இதை அளந்தார்கள்?" என்று வினவினாள். நம் ஊரிலிருந்து கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும் கடலைக் காண ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடக்க வேண்டும். மைய அரசுப் பணியில் இருபது ஆண்டுகளாக எழுத்தனாக இருந்தும், பி.ஏ. வகுப்பில் வரலாறு பயின்றும், அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கடல் ஓரிடத்தில் நில்லாது. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடிகின்றது. முழுநிலா நாளிலும் அமாவாசையிலும் மிகுதியாக ஏறுகின்றது. காற்று ஒருபுறம் தள்ளினால் அதற்கேற்ப உயர்கின்றது. இவ்வாறு அலைவதனிடமிருந்து அலையாத ஓர் அளவைப் பெறவேண்டுமாயின், அதன் அருகே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, மணிதோறும் அதன் உயரத்தைக் குறித்து, அக்குறிப்புகளின் சராசரியைக் காண்பதன்றி வேறு வழியில்லை. இந்தியாவில் 1858-ஆம் ஆண்டில் தொடங்கிய மட்ட அளவைப் பணி 1909-இல் நிறைவுற்றபோது, ஒன்பது துறைகளில் எடுத்த கடல்மட்டக் குறிப்புகள் அதற்கு அடித்தளமாயின. கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட் என்பன அவ்வொன்பது.

நாகப்பட்டினம் என்ற பெயரைப் படித்தபோது என் உள்ளம் ஒரு கணம் நின்றது. அஃது என் தாய்வழி ஊர்ப் பக்கம். பிழைப்பு நாடி மேட்டுநிலத்திற்கு வந்து குடியேறிய என் குடும்பம் எவ்வளவு உயரத்தில் வாழ்கின்றது என்பதைச் சொல்லும் கணக்கில், நாங்கள் விட்டுவந்த கடலுக்கும் ஒரு பங்கு இருக்கின்றது!

கடலின் ஏற்றவற்றத்தைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். ஓதம் என்ற சொல்லே நம் இலக்கியங்களில் பயின்று வருவது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டவர் நம் பரதவர். நீரின் ஓட்டத்தை நீவாடு என்பர். அதன் போக்கறிந்தே வலை விரிப்பர். இவ்வறிவு பெரிது, ஆனால் தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் தன் மகனுக்குச் சொல்லி வந்தது. எழுத்தில் ஏறாத அறிவு, கப்பற்றலைவன் ஒருவன் அயலூரிலிருந்து வந்து, "அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்கள் பன்னிரண்டாம் நாள் காலை எத்தனை மணிக்கு எத்தனை அடி நீர் இருக்கும்?" என்று கேட்டால் விடை கூறாது. நீராவிக் கப்பல்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வினாவே துறைமுகங்களின் வாழ்வை நிறுத்தும் வினாவாயிற்று.

ஆங்கில ஆட்சியின் நிலஅளவைத் துறையைச் சார்ந்த பெயர்டு என்னும் படைப்பொறியாளர் 1870-களின் நடுவில் கட்சு வளைகுடாவில் ஓத ஆய்வைத் தொடங்கினார். 1877 முதல் அப்பணி இந்தியத் துறைமுகங்கள் பலவற்றிற்கும் விரிந்தது. அவர் நிறுவிய ஓதமானிகளின் அமைப்பு எளிது. கடலோடு அடியில் தொடர்புடைய ஒரு குழாய்க் கிணறு. அதில் ஒரு மிதவை. மிதவையிற் கட்டிய கம்பி சக்கரத்தின் மேல் சென்று ஒரு பென்சிலை இயக்கும். கடிகாரத்தால் சுழலும் உருளை ஒன்றின் மேல் தாள் சுற்றப்பட்டிருக்கும். கடல் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். அலைகளின் துள்ளல் கிணற்றுக்குள் அடங்கிவிடுதலால் ஓதத்தின் மெதுவான மூச்சு மட்டுமே தாளில் பதியும்.

இவ்வாறு சொல்லும்போது கருவியே எல்லாம் செய்தது போலத் தோன்றும். உண்மை வேறு. கடிகாரத்திற்குச் சாவி கொடுத்தவர் யார்? தாளை மாற்றியவர் யார்? உப்புக்காற்றில் துருவேறிய கம்பியைத் துடைத்தவர் யார்? பென்சில் முனை முறிந்த வேளையைக் குறித்துவைத்தவர் யார்? ஒவ்வோர் ஓதநிலையத்திலும் அதனைக் கவனிக்கும் எழுத்தர் இருந்தனர். கோட்டிலிருந்து மணிக்கு ஓர் உயரமாக ஓராண்டுக்கு 8760 எண்களைப் படித்தெடுத்துப் பேரேட்டில் எழுத வேண்டும். பெயர்டு 1886-இல் ஓத ஆய்வுக்கென ஒரு கைந்நூலே வெளியிட்டார். அதிகாரியின் பெயர் நூலின் முகப்பில் நின்றது. எண்களை எழுதிய கைகளின் பெயரைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைத்தில. எழுத்தன் ஒருவன் இதனைச் சற்று வருத்தத்துடன் குறிப்பிடுவதை அன்பர்கள் பொறுத்தருள்க.

இவ்வேடுகள் தாம் எதற்காக எழுதப்பட்டனவோ அதற்கு அப்பாலும் பயன்பட்டன. 1881 டிசம்பர் 31 காலையில் கார் நிக்கோபார்த் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலை வங்கக்கடலைக் கடந்து வந்து எட்டு ஓதமானிகளில் தன் வடிவத்தைத் தானே வரைந்துவிட்டுச் சென்றது. நாகப்பட்டினமும் அவ்வெட்டனுள் ஒன்று. மிக உயர்ந்த முகடும் 80 சென்டிமீட்டரே. கரையில் நின்றவர் பலர் அறிந்தே இருக்கமாட்டார். ஓதத்தின் வழவழப்பான வளைவின் மேல் திடீரெனப் பல்வரிசை போன்ற ஒரு நடுக்கம் பதிந்ததைக் கண்ட நிலஅளவைத் துறையினர் அதனை ஆராய்ந்து எழுதிவைத்தனர். இரண்டாண்டு கழித்து, 1883 ஆகஸ்டு 27 அன்று, கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் இந்திய ஓதமானிகளில் பதிந்தது. பெயர்டு அதைப்பற்றி இலண்டன் அரச கழகத்திற்கு ஓர் அறிக்கை விடுத்தார்.

இனி, எழுதிய எண்களைக் கொண்டு வருங்காலத்தைக் கணித்தவாறு காண்போம். ஓதம் ஒரே காரணத்தால் எழுவதன்று. திங்களின் ஈர்ப்பால் 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை எழும் ஏற்றம் ஒன்று. ஞாயிற்றால் 12 மணிக்கு ஒருமுறை எழுவது ஒன்று. திங்கள் அணுகுவதாலும் விலகுவதாலும் வடக்கும் தெற்கும் சாய்வதாலும் எழுவன இன்னும் பல. இவற்றின் கால அளவு வானநூலால் முன்னரே தெரியும். ஆயின் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொன்றின் உயரமும், அது பிந்திவரும் நேரமும் வேறுவேறு. கடலடியின் ஆழமும் கரையின் வளைவும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. அவற்றை அந்தத் துறையின் ஏட்டிலிருந்தே பிரித்தெடுத்தல் வேண்டும். பல இசைக்கருவிகள் சேர்ந்து ஒலிக்கையில் வீணை இவ்வளவு, மிருதங்கம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் செவியை ஒத்தது இக்கணக்கு. இதற்கான பெருக்கலும் கூட்டலும் புனே நகரில் இருந்த ஓத அளவை அலுவலகத்தில் நடைபெற்றன.

அந்நாளில் கம்ப்யூட்டர் என்பது ஒரு பொறியின் பெயரன்று. அலுவலகத்தில் கணக்கிடும் மனிதனின் பதவிப் பெயர். 1831-இல் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காள இளைஞர் நிலஅளவைத் துறையிற் சேர்ந்தது அப்பதவியில்தான். பின்னர் எவரெஸ்டு எனப் பெயர் பெற்ற சிகரத்தின் உயரக் கணக்கோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. நாம் இன்று மேசைமேல் வைத்திருக்கும் பொறி, நம்மைப் போன்ற ஓர் ஊழியரின் பதவியைப் பறித்துக்கொண்டதோடு அமையாது பெயரையும் எடுத்துக்கொண்டது என்று நகைச்சுவையாகச் சொல்லலாம்.

பிரித்த கூறுகளை மீண்டும் கூட்டி அடுத்த ஆண்டின் ஓதத்தை அறிவதும் கடுமையான வேலையே. இதற்கெனப் பித்தளைப் பொறி ஒன்றை வகுத்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். 1870-களின் தொடக்கத்தில் உருவான அப்பொறியில் பத்துக் கூறுகளுக்கு இடமிருந்தது. அதன் ஆக்கத்தில் துணைநின்ற எட்வர்டு ராபர்ட்சு என்பவர், இந்தியத் துறைமுகங்களுக்கெனவே ஒரு பொறியை வகுக்க, இலண்டனில் லெகே நிறுவனத்தார் 1879-இல் அதனைச் செய்து முடித்தனர். இருபது கூறுகள் முதலில். பின்னர் இருபத்து நான்கு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பற்சக்கரமும் ஒரு கப்பியும். எல்லாக் கப்பிகளின் மேலும் கீழுமாக ஒரே ஒரு கம்பி வளைந்தோடும். கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு கப்பியும் தன் தாளத்தில் ஏறியிறங்கும். கம்பியின் முனையிலுள்ள எழுதுகோல் அவை அனைத்தின் கூட்டுத்தொகையைத் தாளில் வரையும். ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதம் சில மணி நேரத்தில் வரையப்பட்டுவிடும்.

இந்தியக் கடலுக்கான பொறி நெடுங்காலம் இங்கிலாந்திலேயே இருந்தது. நம் கடலைப் பற்றிய எண்கள் கப்பலேறிச் சென்று, அச்சிட்ட அட்டவணையாகத் திரும்பி வந்தன. பருத்தி சென்று துணியாகத் திரும்பியதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. 1920-களின் தொடக்கத்தில்தான் அப்பொறி டேராடூன் நகருக்கு வந்து சேர்ந்தது. இத்தகைய பொறிகளின் பெருமை உலகுக்குப் பின்னர் நன்கு விளங்கிற்று. 1944 ஜூன் திங்களில் நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கும் நாளையும் நேரத்தையும் தேர்ந்தபோது, லிவர்பூல் அருகே டூட்சன் என்னும் அறிஞர் இவ்வகைப் பொறிகளைக் கொண்டே ஓதத்தைக் கணித்துக் கொடுத்தார். மின்னணுக் கணிப்பொறி வந்த பின் பித்தளைப் பொறிகள் ஓய்வு பெற்றன. ஆனால் கணக்கின் முறை மாறவில்லை. இன்றும் ஓத அட்டவணை அவ்வழியிலேயே ஆக்கப்படுகின்றது.

இப்பொழுது 2003-ஆம் ஆண்டுக்கு வருவோம். மோடெஸ்டோ ஓர்டிசு, ரோஜர் பில்ஹாம் என்னும் இரு ஆய்வாளர், 1881-இல் எட்டு ஓதமானிகள் வரைந்த கோடுகளை எடுத்துக் கணிப்பொறிக்கு ஊட்டினர். எந்த அளவில் எங்கே கடலடி அசைந்தால் இத்தகைய அலை இந்நேரத்தில் இத்துறைகளை அடையும் என்று பின்னோக்கிக் கணித்து, அந்நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கண்டனர். அந்தமான் நிக்கோபார் வரிசையில் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று வழுக்கிப் பேரலையை எழுப்ப வல்லன என்பதற்கு நாகப்பட்டினத்துப் பென்சில் கோடு 122 ஆண்டுகளுக்குப் பின் சான்று கூறிற்று. அக்கட்டுரை வெளிவந்த மறு ஆண்டில் அது நிகழ்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலா நாள். நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவின் அருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்தே அலை தமிழகக் கரையை அடைந்தது. இரண்டரை மணி! பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி கடந்து செல்லும் நேரம். அவ்வளவு நேரம் இருந்தும் கரையில் உள்ளவர்க்கு ஒரு சொல் சொல்வார் இல்லை. அன்றைய ஓத ஏற்றத்தை அச்சிட்ட அட்டவணை முன்னரே சொல்லியிருந்தது. திங்களாலும் ஞாயிற்றாலும் எழாத அலையை அது எவ்வாறு சொல்லும்? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மறைந்தன. என் பெரியம்மாவின் வீடு கரையிலிருந்து சற்று உள்ளே இருந்தமையால் தப்பிற்று. நாள்தோறும் அவர் வீட்டு வாயிலில் கூடையை இறக்கி மீன் விற்ற அம்மையார் அன்றும் வந்தார். கூடையை ஒப்படைத்துவிட்டு, இன்னொரு கூடை எடுத்துவரக் கரைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் வரவில்லை. அக்கூடையைப் பெரியம்மா நெடுநாள் திண்ணையிலேயே வைத்திருந்தார்.

அத்துயருக்குப் பின் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் நடுவத்தில், 2007 அக்டோபரில், ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அங்கே கையாளும் முறை நம் பொருளுக்கு நெருங்கியது. நிலநடுக்கம் நிகழ்ந்த பிறகு அலையின் போக்கை முதலிலிருந்து கணிக்கப் போதிய நேரமில்லை. ஆகவே எங்கெங்கே எவ்வெவ்வளவில் நடுக்கம் நிகழலாம் என்று எண்ணி, ஆயிரக்கணக்கான அலைகளை முன்னரே கணித்துச் சேமித்து வைத்திருக்கின்றனர். நடுக்கம் நிகழ்ந்தவுடன் அதனை ஒத்ததை அச்சேமிப்பிலிருந்து எடுக்கின்றனர். கடலடியில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர ஓதமானிகளும் அலை மெய்யாகவே எழுந்ததா என்பதை உறுதி செய்கின்றன. மிதவையும் பென்சிலும் போய், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி விடுக்கும் கருவிகள் வந்துள்ளன என்பதே வேற்றுமை.

இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு என்று இன்று நாளிதழ்கள் நாள்தோறும் பேசும் புதிய முறை கடலுக்குள் இறங்குகின்றது. அதற்கும் பித்தளைப் பொறிக்கும் உள்ள வேறுபாட்டை நம் அலுவலக வாழ்க்கையிலிருந்தே விளக்கலாம். புதிதாகச் சேரும் எழுத்தர் விதிநூலைப் படித்து வேலை கற்பது ஒரு வழி. பழைய கோப்புகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டி, இன்ன வகை விண்ணப்பத்திற்கு முன்னவர் இன்ன முடிவு எழுதினார் என்று கண்டு கண்டு பழகுவது மற்றொரு வழி. கெல்வின் பொறி முதல் வழியைச் சார்ந்தது. திங்களின் விதியும் ஞாயிற்றின் விதியும் அதன் சக்கரங்களிலேயே வெட்டப்பட்டிருந்தன. செயற்கை நுண்ணறிவு இரண்டாம் வழியைச் சார்ந்தது. அதற்கு விதி சொல்லப்படுவதில்லை. பழைய பதிவுகளே கொடுக்கப்படுகின்றன. கணித்துப் பார்க்கின்றது, பிழை எவ்வளவு என்று ஏட்டோடு ஒப்பிடப்படுகின்றது, பிழை குறையும்படி தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றது. இலட்சம் கோப்புகளைப் படித்தும் சோர்வடையாத எழுத்தர் என்று கொள்க.

அதன் ஆற்றலுக்கு ஒரு சான்று. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி சில ஆண்டுகளில் வழக்கத்தை மீறி வெப்பமுறுவதை எல் நினோ என்பர். அவ்வாண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழை குன்றுவது பலமுறை நேர்ந்துள்ளது. மழை குன்றினால் காவிரியில் நீர் குன்றும். காவிரியில் நீர் குன்றும் ஆண்டுகளில் இம்மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உள்ளம் எவ்வாறு இருக்கும் என்பதை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே எங்கோ ஒரு கடலின் சூடு என்று இதனைத் தள்ள இயலாது. தென்கொரியாவைச் சேர்ந்த ஹாம் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2019-இல், செயற்கை நரம்பு வலை ஒன்றைக் கொண்டு எல் நினோவை ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே பயன்தரும் அளவுக்குக் கணிக்கலாம் என்று காட்டினர். அவர்கள் அதற்குக் கற்பித்த முறையே என்னைக் கவர்ந்தது. மெய்யான கடற்பதிவு போதாமையால் முதலில் கணிப்பொறிகள் படைத்த கற்பனைக் கடல்களைக் காட்டிப் பழக்கினர். பின்னர் 1871 முதல் 1973 வரையான கடல்நிலையைக் காட்டித் திருத்தினர். 1984-க்குப் பிந்திய ஆண்டுகளை மறைத்துவைத்துத் தேர்வு நடத்தினர்.

1871-இல் கடலின் வெப்பநிலையைச் சொன்னவர் யார்? செயற்கைக்கோள் ஏது? கப்பலின் மேல்தளத்திலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கி, நீரை முகந்து, வெப்பமானியை அதில் இட்டுப் பார்த்து, நாட்குறிப்பில் எழுதிய மாலுமிகள்தாம். அக்குறிப்புகள் பலகாலம் ஆவணக் காப்பகங்களில் உறங்கின. 2010-இல் தொடங்கிய ஒரு முயற்சியில் பழைய போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பொதுமக்களே தத்தம் இல்லங்களில் இருந்து படித்து எண்களாக்கிக் கொடுத்தனர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எழுதிய கையே இன்றைய பொறிக்கு ஆசிரியராயிற்று.

ஏனைய பயன்களையும் சுருங்கச் சொல்வேன். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 என்னும் கோளை ஏவிற்று. 2009-இலும் 2022-இலும் அதன் வழித்தோன்றல்கள் சென்றன. கடலின் நிறத்தைக் கண்டு நுண்ணுயிர்ப் பாசியின் செறிவை அறிவதும், வெப்பநிலையோடு அதனை ஒப்பிட்டு மீன் திரளும் இடத்தை மீனவர்க்கு அறிவிப்பதும் ஐதராபாத் நடுவத்தின் அன்றாடப் பணி. ஆனால் பருவமழைக் காலத்தில் முகில் மறைத்தால் கோளின் கண்ணுக்குக் கடல் தெரியாது. முந்தைய ஆண்டுகளின் படங்களைக் கற்ற நரம்பு வலை, முகில் மறைத்த பகுதி எவ்வாறு இருக்கும் என்று நிரப்ப வல்லது. மத்தியதரைக் கடலின் வடபாலுக்கு இதனைச் செய்து பெல்ஜிய அறிஞர் 2020-இல் வெளியிட்டனர். பசிபிக் கடலின் பதின்மூன்று இடங்களில் நீருக்கடியில் பதிவு செய்த 1,87,000 மணி நேர ஒலியில் திமிங்கிலத்தின் பாட்டை மட்டும் தேடியெடுத்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. உறக்கமின்றி ஒருவர் கேட்டாலும் இருபத்தோராண்டு கழியும் வேலை அது.

இவ்வளவு சொல்லியபின் ஐயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2004-க்கு முன் இத்தகைய பொறி ஒன்றிடம் நாகப்பட்டினத்துப் பதிவுகளை மட்டும் கொடுத்து, "இக்கரைக்குப் பேரலை வருமா?" என்று கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? வரும், மிகுந்தால் 80 சென்டிமீட்டர் என்றே சொல்லியிருக்கும். ஏட்டில் இல்லாததை ஏட்டிலிருந்து கற்க இயலாது. ஓதமானியின் வயதோ நூற்று இருபது ஆண்டு. பேரலையின் இடைவெளியோ பல நூற்றாண்டு. தாய்லாந்தின் தீவு ஒன்றில் மண்ணை வெட்டிப் பார்த்த அறிஞர், 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் இதையொத்த பேரலை படிவித்த மணலடுக்கைக் கண்டு 2008-இல் எழுதினர். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. கடல்கோள் என்ற சொல்லே நம் மொழியில் இருக்கின்றது. இவையும் ஒருவகைப் பதிவுகளே. ஆயின் காப்பியம் அளவுகோல் ஆகாது. அதனைப் பற்றிக்கொண்டு குமரிக்கண்டம் வரை நடந்து செல்வார் நம் சங்கத்திலும் உளர். அவர்களோடு எனக்குப் பகையில்லை, வழியும் அதுவன்று.

இக்குறையை நீக்கக் கற்பனை அலைகளைக் கொண்டே பொறிக்குக் கற்பிக்கின்றனர். ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தாரும் பிறரும் இருபதாயிரம் அளவிலான கற்பனைப் பேரலைகளைக் காட்டிப் பழக்கிய பொறி ஒன்றை 2021-இல் அறிவித்தனர். கரையை அலை அடையுமுன் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் புகும் என்று சில நொடிகளில் அது சொல்லும் என்பர். அக்கற்பனை மெய்யை ஒத்ததா என்று உரைத்துப் பார்க்கும் கல் யாது? 1881-ஆம் ஆண்டின் கோடு போன்ற பழம் பதிவுகள்தாம். அவை ஒவ்வொன்றும் குறையக் குறைய, பொறி தன் கனவைத் தானே மெய்யெனக் கொள்ளும் இடர் மிகும்.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கிளை அலுவலகம் ஒன்றின் வளாகத்தில் பழைய மழைமானி ஒன்று இருந்தது. முன்னாளில் அதனை நாள்தோறும் காலையில் பார்த்து எழுதியிருக்கின்றனர். 1950-களிலிருந்து நான்கு கனத்த ஏடுகள். நீல மையில் ஒரே சீரான கையெழுத்து. விடுமுறை நாளிலும் எழுதியிருந்தார் அப்பெருமகனார். மழை இல்லாத நாளில் வெற்றிடம் விடாமல் சுழியம் இட்டிருந்தார். பார்த்தும் மழை இல்லை என்பதற்கும் பார்க்கவே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். பழைய கோப்புகளைக் கழிக்கும் ஆணை வந்தபோது, எடைக்குப் போடும் பட்டியலில் அவையும் சேர்ந்தன. நான் விடுப்பிலிருந்து திரும்பியபோது இடம் துப்புரவாக இருந்தது. கழித்த தாளுக்குக் கிடைத்த தொகை முறைப்படி கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

மும்பைத் துறையின் கடல்மட்டப் பதிவு 1878 முதல் இன்றும் உலக அறிஞரால் எடுத்தாளப்படுகின்றது. கடல் எவ்வளவு உயர்ந்து வருகின்றது என்பதை ஆசியாவில் இவ்வளவு நீண்ட காலத்திற்குச் சொல்லும் ஏடுகள் மிகச் சில. அதனைக் காத்தவரும் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு கழிவுப் பட்டியலில் கையெழுத்திட மறுத்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு இப்போதைய என் பிரிவில் மீண்டும் ஒரு கழிவுப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் குறித்த பழைய ஏடுகள் ஏழு, அதில் பதினான்காம் இனம். "நிலையாகக் காக்கத் தக்கவை" என்று எதிரே எழுதி, காரணத்தை அரைப்பக்கம் விளக்கி, மேலே அனுப்பினேன். கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை. ஏடுகள் ஏழும் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. திறவுகோல் என்னிடம் இருக்கின்றது.